கறுப்புக் கட்டங்களுக்கு வாசித்தவர்

மேடையில் வீற்றிருக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, எங்களுக்கு முன்னால் இந்த நூலகத்தைக் கட்டிக்காத்த மூத்த நூலகர்களே, மறைந்த நம் உதவி நூலகரின் கணவர் அவர்களே, செவிலியராகப் பணிபுரியும் அவருடைய அருமை மகளே, நாற்காலி போதாமல் நாளிதழ் அடுக்கின் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் வாசகப் பெருமக்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

புகழ்ந்து பேசத்தான் என்னை அழைத்தார்கள். புகழ்வேன். ஆனால் இந்த நூலகத்தின் தலைமை நூலகர் என்ற முறையில் என் குற்றம் ஒன்றையும் இன்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் என் மனசாட்சி என்னைத் தூங்கவிடாது.

ரெட்டைக் கண்ணாடி அக்கா! அப்படித்தானே அவரை அழைத்தோம்? மூக்கில் இருப்பது புத்தகத்துக்கு, தலையில் இருப்பது கணினிக்கு. இரண்டையும் வைத்துக்கொண்டே, "என் கண்ணாடியப் பார்த்தீங்களா?" என்று மேசை மேசையாகத் தேடுவார். வயதில் என்னைவிட ஆறு ஆண்டு மூத்தவர், பதவியில் எனக்கு அடுத்தவர். நாலு பேர் முன்னால் என்னை "சார்" என்பார், தனியாக இருந்தால் "தம்பி" என்பார். சார் என்றால் விண்ணப்பம். தம்பி என்றால் தீர்ப்பு!

கூரையைப் பழுதுபார்க்க இந்தக் கட்டடத்தை ஏழு மாதம் மூடினோமே, நினைவிருக்கிறதா? நாங்களெல்லாம் சிமென்ட் தூசியைத் திட்டிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும், "கதவுதானே சார் மூடியிருக்கு, நூலகத்த ஏன் மூடணும்?" என்று கேட்டார். புத்தகம் கட்டும் அறையில் இரண்டு அகராதிகளை அடுக்கி, அவற்றின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, புதன்கிழமை நான்கு மணிக்கு இணையவழி வாசிப்பைத் தொடங்கினார். முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? கேட்பவர்கள் எல்லோருடைய மைக்கையும் அணைத்தவர், தன் மைக்கையும் சேர்த்து அணைத்துவிட்டார். இருபது நிமிடம், ஏற்ற இறக்கத்தோடு, ஒரு முழு அத்தியாயம்! ஒருவர் காதிலும் ஓர் எழுத்துகூட விழவில்லை. அதை அவரிடம் சொல்லவும் யாருக்கும் வழியில்லை. விஷயம் புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோங்க, முதல்லேருந்து வர்றேன்" என்று மறுபடி தொடங்கினார். அத்தனை நேரமும் ஒருவர்கூட வெளியேறவில்லை. அதை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

கூரை சரியானது, கதவு திறந்தது. அக்கா வாசிப்பை நிறுத்தவில்லை. "கதவு திறந்தாலும் வர முடியாதவங்க இருக்காங்க சார்" என்றார். இரண்டு ஆண்டுகள் ஒரு புதன்கிழமை தவறாமல் வாசித்தார்.

பிறகு மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையவழி நிகழ்ச்சி நடந்தால் திரையைப் படம் பிடித்து மாத அறிக்கையோடு வைக்க வேண்டும். முகம் தெரிபவர்கள் மட்டுமே பங்கேற்றவர்கள். படத்தைப் பார்த்தேன். திரை நிறையக் கறுப்புக் கட்டங்கள். முகங்கள் மூன்று. ஒன்று அக்கா. இரண்டாவது, ஒலி சரியாகப் போகிறதா என்று பார்க்க அவர் பக்கத்தில் வைத்திருந்த இன்னொரு கைப்பேசியில் தெரிந்த அதே அக்கா. மூன்றாவது, கையில் பசையோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த நம் புத்தகம் கட்டுபவர். 'பங்கேற்றோர்: ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். நான் ஏட்டை மட்டுமே பார்த்தேன்.

வாசிப்பை நிறுத்தச் சொன்னேன். அந்த அறையை மெய்நிகர் கண்காட்சிக்குக் கொடுத்தேன். ஒரு கருவியைக் கண்ணில் மாட்டினால் கடலின் அடி தெரியும், அருங்காட்சியகம் தெரியும். விருந்தினர் வந்தார், மாட்டினார், "அடேயப்பா!" என்றார், படம் எடுத்தோம். அறிக்கை முழுக்க முகங்கள்! கருவியின் மேல் தப்பில்லை, அதுவும் நல்ல கருவிதான். மூன்றாவது வாரம் அது அலமாரிக்குள் போனது. அதன் பிறகும் அந்த அறையை நான் அக்காவுக்குத் திருப்பித் தரவில்லை.

மூன்று முறை கேட்டார். முதல் முறை எல்லோர் முன்னாலும்: "முகம் தெரியலன்னா ஆளே இல்லைன்னு ஆயிடுமா சார்?" இரண்டாவது முறை தனியாக வந்து ஒரு தாளை நீட்டினார். அதில் நாற்பத்தொரு தொலைபேசி எண்கள். "தம்பி, இதுல ஒரே ஒருத்தருக்குப் போன் போட்டுப் பேசுங்க. அப்புறமும் வேணாம்னா நான் வாயத் திறக்க மாட்டேன்." தாளை இழுப்பறையில் போட்டேன். மூன்றாவது முறை, உடம்பு முடியாமல் விடுப்புக் கேட்க வந்தபோது: "நான் திரும்பி வந்ததும் ஆரம்பிக்கலாமா?" நான் என்ன சொன்னேன்? "அடுத்த மாசம் பார்க்கலாம்க்கா." அடுத்த மாதம் வந்தது. அக்கா வரவில்லை.

அந்த எண்களுக்கு நான் கூப்பிட்டது எப்போது? சாவுச் செய்தி சொல்ல!

முதலில் எடுத்தவர் ஒரு தையல்காரர். "கையில ஊசி, மடியில துணி. எனக்குக் கேமரா எதுக்கு சார்? காது போதுமே" என்றார். அடுத்தவர், படுத்த படுக்கையாகிவிட்ட மனைவியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். "அவ கிடக்குற கோலத்த ஊருக்குக் காட்ட முடியுமா? அக்கா ஒருநாள்கூடக் காட்டச் சொன்னதில்ல." பார்வை போய்விட்ட பிழைதிருத்துநர் அம்மா ஒருவர் வெகுநேரம் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கேட்டார்: "நாவலப் பாதியில விட்டுட்டீங்களே, அந்தப் பொண்ணு வீட்டுக்குத் திரும்பினாளா இல்லையா?"

வாசிப்பு நின்று எட்டு மாதமாகியும் ஏன் ஒரு புகார்கூடத் தரவில்லை என்று அவரிடம் கேட்டேன். "தர்றோம்னுதான் சொன்னோம். அக்காதான் வேணாம்னாங்க. எங்க சார் நல்லவரு, கொஞ்சம் பொறுங்க, அவரே திரும்ப ஆரம்பிச்சிடுவாருன்னு சொன்னாங்க."

நல்லவர்! என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் நண்பர்களே. அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை.

நேற்று அவர் கணவர் சொன்னார்: "படுக்கையில இருந்தாலும் புதன்கிழமை நாலு மணியானா எழுந்து உட்கார்ந்துக்குவா. என்னம்மான்னா, ஒண்ணுமில்லன்னுவா." ஐயா, உங்களிடமும் உங்கள் மகளிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். அக்காவிடம் கேட்டிருக்க வேண்டியது இது. காலம் கடந்துவிட்டது.

இனி செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. வரும் புதன்கிழமை முதல் அந்த அறை திறந்திருக்கும். நானும் என் ஊழியர்களும் முறை வைத்து வாசிப்போம். கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றையும் ஓர் ஆளாகவே எழுதுவேன். மேலிடம் விளக்கம் கேட்டால், கேட்கட்டும்! என் வாசிப்பு பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும் என்று அக்காவே கேலி செய்திருக்கிறார். பழகிக்கொள்கிறேன்.

இப்போது மௌன அஞ்சலி செலுத்த வேண்டும், அதுதான் வழக்கம். ஆனால் இந்தக் கூட்டத்தை அந்த நாற்பத்தொரு பேரும் தங்கள் வீடுகளிலிருந்து இணையவழியில், ஒலியாக மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் எழுந்து நிற்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நிமிடம் சத்தமே வராவிட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒருமுறை துண்டித்தவன் நான். இன்னொரு முறை அப்படி ஒரு கணம்கூட அவர்கள் நினைக்கக் கூடாது. ஆகவே, அஞ்சலிக்காக எழுந்தவர்கள் தயவுசெய்து அமருங்கள்.

அக்கா நாவலில் அடையாளம் வைத்த இடம், நூற்று அறுபத்து நான்காம் பக்கம். மேலிருந்து மூன்றாவது வரி. வாசிக்கிறேன்.