மரியாதையுடன் மறுத்தவள்

இல்லை என்று சொல்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும், மாமா. பலருக்கு அது வராது. மென்று முழுங்குவார்கள். எங்கள் ரோபோட் போட்டிகளில் அதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. அழைத்தவருக்கு நன்றி சொல்ல வேண்டும், காரணம் சொல்லக் கூடாது, குரல் நடுங்கக் கூடாது. "மரியாதையுடன் மறுக்கிறோம்." அவ்வளவுதான்.

நேற்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, "யாரையும் நம்பி நிக்காதேன்னு நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அதான் பாப்பு வேண்டாம்னுட்டா" என்றீர்கள். நான் வாங்கி வந்த டீயைத் தொடவே இல்லை. உங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

விதி கஷ்டமானதல்ல. காலைச் சுற்றுகள் முடிந்ததும், முதல் எட்டு இடங்களில் வந்த அணிகள் ஒவ்வொன்றாக மைக் முன்னால் வந்து கூட்டாளி அணியை அழைக்கும். கூட்டாளி கிடைத்தால்தான் மேலே ஆட முடியும். அழைப்பை மறுக்கலாம். ஆனால் எட்டுக்குக் கீழே இருப்பவர்கள் மறுத்துவிட்டால், அன்றைக்கு வேறு யாரும் அவர்களை அழைக்க முடியாது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

உங்கள் மகளின் அணி ஒன்பதாவது. அவர்கள் பள்ளிக்கு இதுதான் முதல் வருடம். நாங்கள் பதினொன்று. எங்களை யாரும் ஒரு வருடம்கூடக் கூப்பிட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கைகட்டி நின்று பார்த்துவிட்டு, பேசாமல் ரோபோட்டைப் பெட்டியில் வைத்து மூடுவோம். இந்த வருடமும் அப்படியென்றால் பட்டறையைப் பூட்டிவிடுவதாகப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதைத் தவிர வேறெதுவும் வராது, மாமா. அது உங்களுக்கே தெரியும்.

முதலிடத்து அணியின் தலைவன் கண்ணாடி போட்டவன். எங்கள் மேசைக்கு வந்து சொன்னான்: "பாப்பு டீமைத்தான் கூப்பிடப் போறோம். அவங்க வரலேன்னா நீங்கதான்."

எனக்கு அவள் மேல் பொறாமை கிடையாது. அவளுடைய ரோபோட்டின் கைக்கு மோட்டார் பொருத்தியதே நான்தான், உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அவளிடம் போனேன். "முதலிடத்துக்காரங்க கூப்பிட்டா ஒத்துக்காதே. அவங்க சக்கரம் ஆடுது. ரெண்டாவது டீம் உன்னைக் கேக்கப் போறாங்க."

சக்கரம் ஆடியது உண்மை. எல்லோருடைய சக்கரமும் கொஞ்சம் ஆடும்.

"வேண்டாம்னு சொன்னா தப்பா நினைக்க மாட்டாங்களாடா?" என்று கேட்டாள். எப்படிச் சொல்வது என்று காட்டிக்கொடுத்தேன். சிரித்த முகத்தோடு சொல்லிப் பார்த்தாள். அழகாக வந்தது. "நீ சொன்னா சரிதான்" என்றாள். விதியைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மைக்கில் அப்படியே சொன்னாள். இனி இந்த அணியை யாரும் அழைக்க முடியாது என்று அறிவிப்பாளர் சொன்னார். அவள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அடுத்து எங்கள் பெயர் கேட்டது. ஏற்றுக்கொண்டேன்.

அவளுடைய டீச்சர் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மேசைக்கே வந்துவிட்டார். "நீதான் அப்படிச் சொல்லச் சொன்னியாமே?"

"நானா? விதியை முதல்ல படின்னு சொன்னேன் மிஸ்."

அவளுடைய அணியினர் எல்லோரும் பின்னாலேயே நின்றிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் திரும்பி பாப்புவைப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும், "எங்க எல்லாரையும் கெடுத்திட்டியே" என்றாள். பாப்பு வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. அவள்தான். ஆட்டத்துக்கு வரிசையில் நின்றிருந்தோம், கட் செய்தேன். மறுபடி அடித்தது, மறுபடி கட் செய்தேன். கடைசி முறை அடித்துக்கொண்டிருந்தபோதே நின்றுவிட்டது. வாசல் ரோட்டில், போனைக் காதில் வைத்தபடி அவள் வேனைப் பார்க்காமல் இறங்கியது அந்த நேரத்தில்தான் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. கவனம் சிதறாமல் ஆடினோம். ஜெயித்தோம்.

அந்த நாளே அவளுக்கு ஞாபகம் இல்லை என்று டாக்டர் சொன்னார் அல்லவா. போன வாரம் என்னிடம், "நான் ஏன்டா வேண்டாம்னு சொன்னேன்?" என்று கேட்டாள்.

"அது நீயா எடுத்த முடிவு" என்றேன்.

கூரையைப் பார்த்தாள். பிறகு, "என்னாலதான் எல்லாருக்கும் போச்சு" என்றாள். நான் ஆரஞ்சு உரித்துச் சுளை சுளையாக ஊட்டிவிட்டேன். சாப்பிட்டாள்.

உங்களிடம் சொன்னதில் மனசு லேசாகிவிட்டது, மாமா. அவளிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். இடுப்புக்குக் கீழே இன்னும் உணர்ச்சி வரவில்லை, இதையும் சேர்த்துத் தாங்க மாட்டாள். அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். நாங்கள் தேசியப் போட்டிக்குப் போய்வரும் வரைக்குமாவது.