பக்கத்து சீட்டு பெல்ட்

அந்தி ஏழு மணி. கோலா கெத்தில் ஊர் எஸ்டேட் சாலை... இரண்டு பக்கமும் செம்பனை, ஆள் நடமாட்டமே இல்லை. அந்தச் சாலையில் நம் லோகேஸ்வரியின் தம்பி சிவநேசன் கார் ஓட்டி வந்ததைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் விமானத்தைச் சொல்ல வேண்டும். விளக்கை அணைக்காதே நயீம், எரியட்டும்.

சிவநேசன் பைலட்டுக்குப் படித்தவன். லைசென்ஸ் மட்டும் இருந்தால் பெரிய விமானக் கம்பெனி கூப்பிடாது. வானத்தில் பறந்த மணிக்கணக்கு சேர வேண்டும். மற்ற விமானப் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு விமானத்துக்கு ஏகப்பட்ட பேர் வரிசை. இவன் தேடிப் பிடித்த பள்ளியிலோ ஒரு சின்ன விமானம் எப்போதும் சும்மா நின்றது. ஏன் நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை, மடையன். சீக்கிரம் மணி சேர்ந்துவிடும் என்ற சந்தோஷம்.

அதில் முதல் முறை தனியாகப் பறக்கும் நாளில் அக்கா எலுமிச்சம்பழம் கொடுத்தாள். "டயருக்கு அடியில வச்சு ஏத்துடா."

கூட்டாளிகள் சிரிப்பார்களே என்று இவனுக்கு வெட்கம். பழத்தைப் பக்கத்து சீட்டில் வைத்தான். காலி சீட்டின் பெல்ட் ஓட்டும் கருவியில் சிக்கக் கூடாது என்று அதைப் பூட்டிவிடுவது வழக்கம். பூட்டினான்.

யோசித்துப் பாருங்கள். பழம் வைத்து, பெல்ட்டும் போட்டு... யாரை உட்காரச் சொன்னான்?

மேலே ஒரு ரவுண்டு சுற்றினான். இறங்கலாம் என்று வேகத்தைக் குறைக்க திராட்டலை இழுத்தான். அது தானாக முன்னால் போயிற்று... மெதுவாக. குப்பென்று எலுமிச்சை வாசனை. திரும்பினான். தொளதொளவென்று கிடந்த பெல்ட், ஓர் ஆளின் வயிற்றைச் சுற்றினாற்போல் வளைந்து விறைத்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

ஹெட்செட்டில் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு பையனின் குரல், கெஞ்சலாக.

"இன்னும் ஒரு ரவுண்டுலா, அண்ணே. எனக்கு மணி பத்தல."

எத்தனை ரவுண்டு சுற்றினானோ. கதவு கையெட்டும் தூரம்தான். திறந்து எங்கே போவது? எண்ணெய் அளவு காட்டும் முள் இறங்கிக்கொண்டே வந்தது. சிவநேசன் அழுதேவிட்டான். "இப்ப எறக்கி விடுப்பா... எங்க போனாலும் ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். சத்தியமா!"

திராட்டல் உடனே கைக்கு வந்தது. இறங்கினான். சீட்டில் பழம் இல்லை. விதைகள் மட்டும், ஈரமாக.

பைலட் கனவு அன்றோடு போயிற்று, பாவம். இப்போது லூனாஸ் பக்கம் ஃபேக்டரி வேலை. போன மாதம் அந்த எஸ்டேட் சாலையில் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தான். முன் சீட்டில் ஏறப் போனவளைத் தடுத்தான். "பின்னாடி உக்காருக்கா."

கொஞ்ச தூரம் போனதும்... டிங். டிங். டிங். முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் கார் எழுப்பும் சத்தம். சீட்டு காலி. சிவநேசன் கையை நீட்டி பெல்ட்டைப் பூட்டினான். சத்தம் நின்றது. எலுமிச்சை வாசனை வந்தது.

வீடு வந்தது. அம்மா வாசல் விளக்கைப் போட்டுக் காத்திருந்தாள். கார் நிற்கவில்லை.

"டேய், வீட்டைத் தாண்டிப் போறடா!"

"இன்னும் ஒரு ரவுண்டுக்கா..." அவன் குரல் உடைந்தது.

லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். அவன் இரண்டு கால்களும் பிரேக்கை அடிவரை மிதித்துக்கொண்டிருந்தன.