பூட்டி வச்ச வூடு

இந்தப் படியிலயே ஒக்காருங்க ஏட்டையா. மழையில நனஞ்சிட்டு நிக்காதீங்க. குடிசக்காரங்க எங்க போனாங்கன்னுதான கேக்குறீங்க? சொல்றேன், சொல்றேன். நானும் அங்க இருந்தவதான், எல்லம்மா. கோதண்டபாணி முதலாளி தோல் ஷாப்புல தோலு பதம்போட ஆவாரம்பட்ட இடிக்கிறவ.

இன்னாது? இந்தப் பங்களாவுக்குக் காவக்காரியா? ஆமான்னே வச்சிக்குங்களேன்.

பாலாத்தங்கரையில, தோ, எதுர்லதான் எங்க குடிசைங்க இருந்துச்சு. முதலாளி பங்களாவக் கட்டி முடிச்சாரு. வர்ற பெரிய மனுசங்களுக்கு எங்க நாத்தம் ஆவாதுன்னு ஆள வுட்டுக் குடிசையெல்லாம் கொளுத்திட்டாரு. இன்னா நாத்தம் ஏட்டையா? அந்தத் தோல் நாத்தத்துலதான இந்த மாடி எழும்புச்சு! நாத்தம் எங்களுக்கு, பவுனு அவருக்கா?

ஆம்பூர்ல வாடகைக்குக் கேக்காத தெரு இல்ல. ஒரு ரூம்புக்கு மாசக் கூலி மொத்தமும் குடுன்றான். தோல் ஷாப்புன்னு சொன்னாலோ, கதவயே சாத்திக்கிறான்.

இங்க பாருங்க, எத்தினி ரூம்பு! ஒரு மனுசன் படுக்கல. பால் காய்ச்ச நாள் பாக்கணுமாம். கார்த்திகை அவரு ஜாதகத்துக்கு ஆவாது, மார்கழியில கூடவே கூடாது, தை பொறக்கட்டும்னுட்டானாம் ஜோசியன். அதுவரைக்கும் பூட்டு. மழைக்கு எந்த ஜோசியன் நாள் குறிச்சான்? எம்பொண்ணு பூவம்மா நெறமாசம். புளியமரத்தடியில சாக்கப் போத்திக்கிட்டு நடுங்குனா. அதப் பாத்துட்டு சும்மா இருந்தா நான் இன்னா பெத்தவ?

தீஞ்ச வாசன வருதா? மூக்கு நல்லாத்தான் வேல செய்யுது உங்களுக்கு. பால்தான். காலையில புதுப்பானையில வச்சோம். கெழக்கால பொங்கி வழிஞ்சு அடுப்பையே அணச்சிடுச்சு. நல்ல சகுனம்னு பூவம்மா சிரிச்சா பாருங்க, எத்தினி நாளாச்சு அவ சிரிச்சு!

பூட்டா? கல்ல எடுத்து ஒரே போடு. நான்தான் போட்டேன், வேற யாரையும் கேக்காதீங்க.

இன்னாத்துக்கு எழுந்துக்கிறீங்க? ஆமா, எல்லாரும் உள்ளதான் கீறாங்க. முதலாளிகிட்ட போய்ச் சொல்லுங்க, அவரு வூட்டுக்குப் பால் காய்ச்சியாச்சு, ஜோசியன் பின்னால இனி அலைய வாணாம். எங்க கையால பொங்குன வூட்டுக்கு அவரு வருவாரோ மாட்டாரோ. வந்தா வரட்டும். எரியிற கூரையிலருந்து எங்கள வெரட்டுன மாதிரி நாங்க யாரையும் வெரட்ட மாட்டோம்.

செருப்ப மட்டும் வெளிய வுட்டுட்டு வரச் சொல்லுங்க.