மேசை சுத்தமாக இருந்தது

எங்கள் வீட்டில் எல்லாத் தம்ளர்களும் பிளாஸ்டிக். வருகிறவர்கள் சிக்கனம் என்று நினைத்துக்கொள்வார்கள். சிக்கனமில்லை ஐயா, காரணம் நான்தான். எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிந்துவிடுவேன். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிச் சாமான்கள் முதல் வருடத்திலேயே போய்ச் சேர்ந்தன. பிறகு எவர்சில்வர் வந்தது, சுவரெல்லாம் பெயர்ந்தது. கடைசியில் என் மனைவி பிளாஸ்டிக்குக்கு மாறினாள். விவரமானவள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். என்னை முரடன் என்று நினைத்துவிடாதீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிற தொழில். இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லி உயிரை வாங்குகிறவர்களிடம்கூட நான் முகம் சுளித்ததில்லை. என் கோபமெல்லாம் வீட்டு மனிதர்களிடம் மட்டும்தான். உரிமையுள்ள இடத்தில்தானே கோபப்பட முடியும்.

என் தம்பி மாடியில் குடியிருந்தான். எனக்கு 'ஏவுகணை' என்று பெயர் வைத்தவன் அவன்தான். நான் எதையாவது எறிந்தால் சட்டென்று குனிவான். அது தலைக்கு மேலே போய்ச் சுவரில் மோதும். "அண்ணி, ஏவுகணை குறி தவறிடுச்சு" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பான். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் தேநீருக்கு வந்து நிற்பான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. என் குரல் கொஞ்சம் ஏறினால் போதும், கல்லூரியில் படிக்கும் என் மகள் துணியோடு வந்து சாப்பாட்டு மேசையைத் துடைக்கத் தொடங்குவாள். துடைக்கிற சாக்கில் தண்ணீர் ஜாடி, கரண்டி, டிவி ரிமோட் எல்லாம் ஒவ்வொன்றாக மாயமாகும். நான் திட்டி முடித்து அடுத்த கட்டத்துக்கு வரும்போது மேசை மொட்டையாக இருக்கும். வெறுங்கையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருப்பான். எழுந்துபோய்ப் படுத்துவிடுவேன்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனது. பூட்டு வாங்கக் கடைக்குப் போனேன். பூட்டுக்கடைக்காரர் இப்போது துப்பாக்கியும் விற்கிறார். சட்டத்தைத் தளர்த்தியதிலிருந்து யார்தான் விற்கவில்லை.

"பூட்டு எதுக்கு சார்? திருடனுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லி ஒரு கைத்துப்பாக்கியை எடுத்து முன்னால் வைத்தார். அடையாள அட்டையைக் காட்டினேன், கையெழுத்துப் போட்டேன். ஒரு மூக்குக்கண்ணாடி கொடுக்க நான் கேட்கிற கேள்விகளில் பாதிகூட அவர் கேட்கவில்லை. வந்த வேகத்தில் பூட்டு வாங்கவே மறந்துபோனேன்.

மனைவி அதைப் பார்த்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"திருடன் வருவானோ மாட்டானோ. உங்க கோபம் வாராவாரம் வருதே. இதை முதல்ல திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

"உன் பாதுகாப்புக்குத்தாண்டி வாங்கினேன்."

"அப்ப பீரோவுல வச்சுப் பூட்டுங்க. சாவி என்கிட்ட இருக்கட்டும்."

நான் சாவி தேடும்வரை திருடன் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பானா? குண்டுகளை நிரப்பி, சாப்பாட்டு மேசையில் என் நாற்காலிக்கு நேரே இருக்கும் இழுப்பறையில் வைத்தேன். அவள் ஒருமுறை எடுத்து அரிசி டப்பாவுக்குள் ஒளித்தாள். அன்று நான் போட்ட சத்தத்தில் அவளே திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். அதன்பிறகு யாரும் அந்த இழுப்பறையைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பி சாப்பிட வந்தான். பேச்சு எங்கள் அப்பாவின் மச்சத்தில் போய் நின்றது. மச்சம் இடது கன்னத்தில் இருந்தது என்று நான் சொன்னேன். வலது கன்னம் என்று அவன் சாதித்தான். சுவரில் அப்பாவின் படம் தொங்குகிறது. அதில் வலதுதான். ஆனால் படக்கடைக்காரன் படத்தைத் திருப்பிப் போட்டுவிட்டான் என்பது என் கட்சி, இப்போதும்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற, நீ ஒண்ணு மாட்டிக்கிட்டுப் பாரேன்" என்றான். மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படிச் சிரித்துக்கொண்டேதான் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

சுத்தமாகத் துடைத்தாள். ஒரு உப்பு டப்பாகூட மிச்சமில்லை. என் கை மேசை முழுக்கத் தேடிவிட்டு இழுப்பறைக்குப் போனது. எறியத்தான் எடுத்தேன். ஆனால் அதை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கையில் வந்தபிறகு எறியத் தோன்றாது. அதன் பிடி அப்படி. தம்பி வழக்கம்போலக் குனிந்தான். "அண்ணி" என்று கூப்பிடவும் தொடங்கினான். தம்ளருக்குக் குனிந்தால் போதும், இதற்குப் போதவில்லை.

தெரியாமல் வெடித்துவிட்டது என்று எழுதச் சொல்கிறார் என் வக்கீல். பொய் எதற்கு. நான்தான் சுட்டேன். அந்த நொடியில் அவன் வாய் மூட வேண்டும் என்று இருந்தது, மூடியது. அடுத்த நொடியே கோபம் போய்விட்டது. என் கோபம் எப்போதும் அவ்வளவுதான். அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். அழுததும் பொய்யில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மேசையில் ஒரு தம்ளர் இருந்திருந்தால் என் தம்பி நெற்றியில் ஒரு வீக்கத்தோடு இன்று உயிரோடு இருப்பான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது யார்? என் மகளின் பெயரைச் சேர்க்கச் சொல்லவில்லை, சின்னப் பெண். அவளுக்கு அப்படிப் பழக்கிக் கொடுத்தவளிடம் நீங்கள் விசாரித்திருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விசாரணை முடிந்ததும் அந்தத் துப்பாக்கியை என் வீட்டில் கொடுத்துவிடுங்கள். மனைவி வேண்டாம் என்பாள், கேட்காதீர்கள். பூட்டுகூடச் சரியில்லாத வீட்டில் இரண்டு பெண்கள் தனியாக இருக்கிறார்கள். நாளைக்கு எவனாவது ஒரு கோபக்காரன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்.