கோரின் கேட்ட காற்று

அந்த நாற்காலி வேண்டாம், இதில் உட்காருங்கள். பட்டறையிலிருந்து வந்து நான் அதில்தான் உட்காருவேன், அலுமினியத் தூள் அப்பியிருக்கும். துணியில் ஒட்டினால் லேசில் போகாது. எனக்கு முப்பது வருஷமாக ரொட்டியில்கூட அதன் ருசிதான்.

நீங்கள் விசாரணைக்காக இன்ஜினிலிருந்து அறுத்துக் கொண்டுவந்திருக்கும் துண்டு என் கைவேலைதான். மறுக்கவில்லை. சிலிண்டர் ஹெட் இன்ஜினுக்கு மூடி மாதிரி. காற்று உள்ளே போகும் வழி அதில்தான் இருக்கிறது. அந்த வழியைத் தேய்த்து அகலப்படுத்துவது என் பிழைப்பு. அந்த வழியின் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர். நன்றாகத் தேய்த்தால் கார் பறக்கும். மயிரிழை கூடினால் ஓட்டை. எங்கள் ஒஹாயோவில் அதைத் தண்ணீரைத் தொடுவது என்போம். தொட்டவன் பட்டறை முழுக்க டோனட் வாங்கித் தர வேண்டும். நான் ஒரு முறைகூட வாங்கித் தந்ததில்லை. தேய்க்கும் சத்தம் மெலியும்போதே கையை எடுத்துவிடுவேன்.

காரை ஓட்டியது என் மகள் கோரின். கால் மைல், இரண்டு கார், யார் முதலில் என்பதுதான் பந்தயம். அவள் அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அந்த வருஷம் டிரென்ட் என்ற பையன் வந்து சேர்ந்தான். டெக்ஸாஸில் அவன் குடும்பத்துக்குப் பெரிய பந்தய அணி இருந்தது. இலையுதிர்காலப் பந்தயத்தில் ஜெயித்தால் கோரினை அங்கே ஓட்ட வைப்பதாகச் சொன்னார்கள். கல்யாணமும் அங்கேயேதான். நல்ல பையன். அவன் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

ஒரு நாள் பட்டறைக்கு வந்து என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் காத்து குடு. கஞ்சத்தனம் பண்ணாத.”

“இதுக்கு மேல தேய்ச்சா தண்ணியத் தொட்டுடும், கண்ணு.”

“தொட்டா என்ன, டோனட் வாங்கிக் குடுத்துட்டுப் போ. இத்தனை வருஷமா எல்லாரையும் ஏமாத்திட்டே இருக்க.”

சிரித்தேன். அவள் போனதும் மறுபடி தேய்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் வழியில் சத்தம் மெலிந்தது. கையை எடுக்கவில்லை. முட்டை ஓடு கனத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். சூட்டில் அந்த இடம் கீறல் விடும், தண்ணீர் கசியும், இன்ஜின் திணறும், அவள் தோற்பாள். இரண்டு நாள் அழுதுவிட்டுத் தேறிவிடுவாள். இவ்வளவுதான் என் எண்ணம்.

ஹெட்டை ஏற்றியபோது போல்ட்டுகளை அவள்தான் முடுக்கினாள். நடுவில் தொடங்கி வெளியே, நான் பழக்கிய வரிசையில், எல்லாம் ஒரே இறுக்கத்தில். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், நாளைக்கு யாரும் அவள் மேல் பழி போடக் கூடாது.

ஓட்டத்துக்கு முன்னால் டயரைச் சூடாக்க, அதைச் சுழற்றிப் புகை கிளப்புவார்கள். பிறகு காரைப் பின்னால் எடுக்க வேண்டும். உள்ளே கட்டிப் போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பவளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. முன்னால் நிற்பவன்தான் கையால் வழி சொல்லி, கசிவு ஏதும் உண்டா என்று பார்த்து, எல்லாம் சரியென்றால் கட்டைவிரலை உயர்த்துவான். கையைக் குறுக்கே வீசினால் அவள் இன்ஜினை அணைத்துவிடுவாள். அந்த இடத்தில் எப்போதும் நான்தான். அவள் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள்.

பந்தயத்தன்றும் அப்படித்தான் நின்றேன். புகை கலைந்தது. இடது பக்கம் ஒரே ஒரு புகைக்குழாயில் மட்டும் வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. அது புகை இல்லை, நீராவி. சிலிண்டருக்குள்ளேயே தண்ணீர் இறங்குகிறது. நான் நினைத்ததைவிடப் பெரிய கசிவு. அப்படியே ஓட்டினால் இன்ஜின் திணறாது, வெடிக்கும். எண்ணெய் எல்லாம் பின் டயருக்கு அடியில் கொட்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கையை வீசியிருந்தால் ஹெட்டைக் கழற்றுவார்கள். கோரின் அந்தச் சுவரில் விரலை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடித்திருப்பாள். டிரென்ட்டும் பக்கத்திலேயே நின்றிருந்தான். அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிப்பாளா?

கட்டைவிரலை உயர்த்தினேன். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கண்ணைச் சிமிட்டினாள்.

பாதி தூரத்தில் வெடித்தது. கார் திரும்பி, ஓரத்துக் கான்கிரீட் தடுப்பில் மோதி உருண்டது. வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

டிரென்ட் கொஞ்ச காலம் வந்துபோனான், அப்புறம் வரவில்லை. கழுத்துக்குக் கீழே அவளுக்கு எதுவும் அசையாது. “என் தப்புதாம்ப்பா. நான்தான் காத்து காத்துன்னு உன் உயிரை வாங்கினேன்” என்பாள். “நடந்தது நடந்துபோச்சு, விடும்மா” என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டோனட் வாங்கி வந்து, சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டிவிடுவேன்.

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், பக்கத்து அறையில்தான் தூங்குகிறாள். என்னைக் கூட்டிக்கொண்டு போவதானால் வருகிறேன். முதலில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். டெக்ஸாஸுக்குப் போயிருந்தால் இதையெல்லாம் அவளுக்கு யார் செய்வார்கள், நீங்களே சொல்லுங்கள்.