கெடு என்னும் கோடு

ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் அச்சக மேலாளர் அவர்களே, எழுத்தெழுத்தாய்ப் பார்த்துக் கண் மங்கிய மூத்தவர்களே, தாள் மடித்து விரல் தேய்ந்த தாய்மார்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்த மகா புத்திசாலிகளே, வணக்கம்!

‘டெட்லைன்’, அதாவது கெடு பற்றிப் பேசச் சொன்னார்கள்.

முதலில் அது நேரமில்லை. நிலத்தில் போட்ட சாவுக்கோடு. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலச் சிறைமுகாம். மதிலுக்கு உள்ளே ஒரு கோடு. கைதி அதைத் தாண்டினால் கேள்வி இல்லை. துப்பாக்கிதான். பிறகு அச்சு இயந்திரத்தில் அதே பெயரில் ஒரு கோடு. அதற்கு வெளியே அடுக்கிய எழுத்து தாளில் விழாது. அப்புறம் பத்திரிகைக்காரர்கள் அதைக் கடிகாரத்தில் மாட்டினார்கள். கடைசியில் நம் மேலாளரிடம் வந்து மாட்டிக்கொண்டது. பாவம், அந்தச் சொல்.

கைதட்டாதீர்கள். அவர் பார்க்கிறார்.

போன வாரம். ஆயிரம் கல்யாணப் பத்திரிகை. கெடு, திங்கள் மதியம் பன்னிரண்டு. பதினொன்றே முக்காலுக்குப் பிழைதிருத்தும் அம்மா மெஷின் ஓட்டுபவரிடம் ஓடிவந்தார். சேர்ந்து மூன்றே மாதம்.

“மெஷினை நிறுத்துங்கண்ணே!”

“பன்னெண்டு மணிக்குக் கெடும்மா. விடு.”

“மாப்பிள்ளை இடத்துல மாமனார் பேரு இருக்குண்ணே!”

“ஐயோ! மாமியார் சும்மா விடுவாங்களா?”

நிறுத்தினார்கள். திருத்தினார்கள். மூன்று மணிக்குப் பத்திரிகை வாடிக்கையாளர் கையில். பன்னிரண்டு தாண்டிவிட்டதே என்று மறுநாள் அந்த அம்மா தானாகவே மன்னிப்புக் கடிதம் கொடுத்தார். மேலாளர் வேலைநீக்கக் கடிதம் அடித்தார். இப்போது அது அவர் சட்டைப்பையில். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? மேலாளர் சொல்லும் கெடு எப்போதும் ஒரு நாள் முந்தியது. அவர் திங்கள் என்றால் உண்மையில் செவ்வாய். வாசல் காவலாளிக்குத் தெரியும். தேநீர் கொண்டுவருபவருக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அந்த அம்மா. மன்னிப்புக் கேட்ட ஒரே ஆளும் அவர்தான்! மன்னித்தால், கெடு தாண்டியும் ஒன்றும் கெடவில்லை என்றாகிப் பொய் அம்பலமாகும் என்று மேலாளருக்கு நடுக்கம்.

வாடிக்கையாளர் கேட்டது செவ்வாய். கொடுத்தது திங்கள். தாமதம் எங்கே? குற்றம் எங்கே? கோடுதான் எங்கே?

என்ன தலைவரே? “பத்து நிமிஷம் ஆச்சுப்பா”வா? பதினைந்து என்று மனத்தில் வைத்திருப்பீர்கள். தெரியும்.

சுடாதீர்கள், தலைவரே. பையிலிருக்கும் கடிதத்தைக் கிழியுங்கள்.

எடுக்கிறார். பிரிக்கிறார். நம்மைப் பார்க்கிறார். சிரிப்பை அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. கிழித்துவிட்டார்! இரண்டாக!

“நாலாக் கிழிங்க சார்!”

யாரது? ஓ, நீங்களாம்மா! பிழைதிருத்துபவர். அரைகுறை வேலை பிடிக்காது.

நாலாகிவிட்டது. தலைவருக்கு நன்றி. உங்களுக்கு வணக்கம். இறங்குகிறேன்.