மயிலுக்குக் கீழே உட்காராதீர்கள்

விழாவுக்குத் தலைமை தாங்கும் மங்கள விலாஸ் ஹோட்டல் உரிமையாளர் ஐயா சிவானந்தம் அவர்களே, வயதில் மூத்து வாக்கில் கனிந்த பெரியோர்களே, அசாம் ஜாவாவிலிருந்தும் சபாக்கிலிருந்தும் லோரி ஏறி வந்திருக்கும் தோட்டத்து உறவுகளே, பிள்ளைகளை மடியில் ஏந்தி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இந்த ஹோட்டலின் முகப்பைப் புதுப்பித்த கொத்தனார் ஐயாவு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

வணங்கிய கையோடு ஒரு விண்ணப்பம். தாய்மார்களே, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எதிரே உள்ள திடலுக்குப் போங்கள். மெதுவாக, வரிசையாகப் போங்கள். மாடி உச்சியில் நிற்கும் இரண்டு சுதை மயில்களும் அங்கிருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். ஆமாம் அம்மா, நாற்காலியை விட்டுவிட்டே போகலாம், யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். உறுமி மேளக்காரத் தம்பிகளே, நான் சொல்லும்வரை ஒரு தட்டுக்கூட வேண்டாம்.

எத்தனை மேடை ஏறியவன் நான்! கோயில் திருவிழாவில் பேசியிருக்கிறேன். தொழிற்சங்கக் கூட்டத்தில் முழங்கியிருக்கிறேன். என்றைக்காவது என் குரல் நடுங்கியது உண்டா? இன்று நடுங்குகிறது. ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கட்டடம் இது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து அங்கேயே வளர்ந்த நம்மவர்கள், கோலசிலாங்கூருக்கு வந்தால் தலைநிமிர்ந்து படியேற வேறு எந்த ஹோட்டல் இருந்தது? துரைமார் கிளப்பில் நம்மை உள்ளே விட்டார்களா? வாசலில் நிற்கவாவது விட்டார்களா? இங்கே விட்டார்கள்! வாங்க என்றார்கள், உட்காருங்க என்றார்கள்! அதனால்தான், பாசி படர்ந்து செங்கல் பல்லிளித்த இந்த முகப்பைப் பழைய முறைப்படியே, சிமெண்டு சேர்க்காமல், சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினோம். அழகைச் சேர்த்தோம். கூடவே அவசரத்தையும் சேர்த்தோம். அங்கேதான் குடி கெட்டது.

சுண்ணாம்புப் பூச்சு காய ஒரு மாதம் வேண்டும். அதுவரை மயில்கள் நிற்கும் மாடி விளிம்பை மரக்கட்டைகள் கீழிருந்து தாங்க வேண்டும். பத்தாம் நாளே நம் தலைவர் ஐயா வந்தார். "அடுத்த வாரம் ஆடி பொறக்குது. அப்புறம் எவன்யா திறப்பு விழாவுக்கு வருவான்? கட்டைய எடுத்துடுலா, ஐயாவு" என்றார்.

சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்த சின்னத்தாய் குறுக்கே வந்து நின்றார். "எடுக்காதீங்கண்ணே! கைய வச்சுப் பாருங்க, உள்ள இன்னும் ஈரமா இருக்கு."

வைத்துப் பார்த்தேன். ஈரம் தெரிந்தது. தெரிந்தும் எடுத்தேன்! ஏன் எடுத்தேன்? ஆடியில் போய் ஒரு நல்ல காரியமா என்று என் மனமும் பயந்தது. பஞ்சாங்கத்துக்குப் பயந்த இந்தப் பாவி, சுவருக்குப் பயப்படாமல் போனேன்.

இன்று காலை இடப்பக்க மயிலின் காலடியில் தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். இப்படி விரிசல் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய தாளைப் பசை தடவி ஒட்டுவது எங்கள் தொழில் வழக்கம். சுவர் அசையாவிட்டால் தாள் அப்படியே இருக்கும். காலையில் ஒட்டினேன். நாலு மணிக்கு ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தாள் இரண்டாகக் கிழிந்திருந்தது.

ஓடாதீர்கள்! யாரும் ஓடாதீர்கள்! "என்னலா இப்படிப் பயமுறுத்துறீங்க!" என்று கத்தும் தம்பி ரமணி, பயமுறுத்தத்தான் சொல்கிறேன். இந்த முற்றத்து வாசலோ குறுகல். எடுத்த எடுப்பில் கத்தியிருந்தால் பிள்ளைகளை மிதித்துக்கொண்டு போயிருப்பீர்கள். அதற்காகத்தான் தாய்மார்களை முதலில் அனுப்பினேன். இப்போது நடு வரிசை எழுந்திருங்கள். பெரியவர்களுக்குக் கை கொடுங்கள். செம்பனைக் குலை ஏற்றி வருகிற அந்த லோரியை யாராவது மூலையிலேயே நிறுத்துங்கள், அது கடந்தால் தரை அதிரும்!

தலைவர் அவர்களே, மேடை ஏறுமுன் உங்கள் காதில் சொன்னேன். "விழா முடியட்டும்யா, மானம் போயிடும்" என்றீர்கள். போகட்டும் ஐயா! மானம் போனால் உழைத்து மீட்கலாம். உயிர் போனால் எந்த வீட்டுக்குப் போய் என்ன பதில் சொல்வேன்? உங்கள் நாற்காலிக்கு நேர் மேலேதான் அந்த மயில் நிற்கிறது. இத்தனை பேர் எழுந்தும் நீங்கள் எழவில்லையே! கட்டையை எடுத்த கை இது. நீங்கள் இறங்காமல் நான் இறங்க மாட்டேன். 

எழுந்துவிட்டார்... படி பார்த்து ஐயா. சின்னத்தாய் கை நீட்டுகிறார், பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்த முகப்பு இன்று விழுந்தால் மீண்டும் கட்டுவேன். ஆடியிலேயே கட்டுவேன். ஓடாமல் நடந்த உங்கள் கால்களுக்கு என் நன்றி. கைதட்டிவிடாதீர்கள், நான் இன்னும் மயிலுக்குக் கீழேதான் நிற்கிறேன். வணக்கம்.